959 ஒன்றை வாங்கும் முன் அதன் காகிதங்களைப் படிப்பது எப்படி?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: சிங்கப்பூரில் சரக்குப் போக்குவரத்துத் தொழில் நடத்தும் உங்கள் மாமா, இரண்டு கூட்டாளிகளோடு சேர்ந்து, ஜெர்மனியில் விற்பனைக்கு வந்திருக்கும் 1988 மாடல் போர்ஷே 959 ஒன்றை வாங்க நினைக்கிறார். விற்பவர் மூன்று சிறப்புகளைச் சொல்கிறார். இதுவரை நான்கே உரிமையாளர்கள். ஓடியது 9,000 கிலோமீட்டர்கூட இல்லை. முதல் உரிமையாளர் ஒரு பெரும்புள்ளி. இவற்றுக்காகக் கூடுதல் விலை கொடுக்கலாமா, காரை இங்கே கொண்டுவந்து ஓட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்களே, "ஏமாறாமல் இருக்க எதைப் பார்க்க வேண்டும்" என்று, அதுதான் உங்கள் உண்மையான கேள்வி என எனக்குப் படுகிறது. பதிலின் பெரும்பகுதியை அதற்கே செலவிடுகிறேன்.

நான் ஜெர்மானியக் கார்களைப் பழுதுபார்க்கும் பட்டறைகளில் தொழில் கற்றவன். பல ஆண்டுகளாக, பழைய கார் வாங்குகிறவர்களுக்காக வண்டியையும் அதன் காகிதங்களையும் சோதித்து அறிக்கை எழுதிக் கொடுத்து வருகிறேன். 959இன் கியர்பாக்ஸை நான் பிரித்து மாட்டியதில்லை. அதைச் செய்தவர்கள் உலகத்திலேயே குறைவு. ஏலத்தில் என்ன விலைக்குப் போகும் என்று கணிப்பதும் என் தொழில் அல்ல. ஆகையால் தொகை எதையும் சொல்ல மாட்டேன். எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கத் தேவையில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இந்தக் கார் பிறந்த கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் மற்றவை விளங்கும். 1983ஆம் ஆண்டு ஃபிராங்க்ஃபர்ட் மோட்டார் கண்காட்சியில் போர்ஷே ஒரு வெள்ளை நிற மாதிரியை நிறுத்தியது. அப்போது ராலிப் பந்தயங்களில் 'குரூப் பி' என்ற பிரிவு இருந்தது. அதில் கலந்துகொள்ள வேண்டுமானால் குறைந்தது 200 கார்களைத் தயாரித்தாக வேண்டும். போர்ஷேயின் தலைமைப் பொறியாளர் ஹெல்முத் போட், எதிர்காலத்தில் அந்த நிறுவனத்தின் புகழ்பெற்ற 911 காருக்கு என்னென்ன தொழில்நுட்பங்களைக் கொண்டுவரலாம் என்று பார்க்க இதை ஒரு வாய்ப்பாக எடுத்துக்கொண்டார். 1986ஆம் ஆண்டு பாரிஸ் டாக்கார் பந்தயத்தில் மூன்று 959கள் இறங்கின. ரெனே மெட்ஜ் முதலிடம், ஜாக்கி இக்ஸ் இரண்டாமிடம். மூன்றாவது காரில் உதிரிபாகங்களைச் சுமந்துகொண்டு பின்னால் வந்த பொறியாளர் ரோலண்ட் குஸ்மாலும் ஆறாவதாக வந்து சேர்ந்தார். உதவிக்கு வந்த வண்டியே ஆறாமிடம் பிடித்தது என்பது எனக்கு இன்றும் சிரிப்பை வரவழைக்கும் செய்தி. அதே ஆண்டு கோர்சிகா ராலியில் நேர்ந்த உயிரிழப்புகளுக்குப் பிறகு குரூப் பி பிரிவே முடிவுக்கு வந்தது. வாடிக்கையாளர்களின் கைக்கு 959 பெருமளவில் போய்ச் சேர்ந்த 1987, 1988ஆம் ஆண்டுகளில், அது எந்தப் பந்தயத்துக்காகத் திட்டமிடப்பட்டதோ அந்தப் பந்தயமே இல்லை.

எத்தனை கார்கள் செய்யப்பட்டன என்பதில் நூல்கள் ஒத்துப்போவதில்லை. வாடிக்கையாளர்களுக்குப் போனவை 292 என்பது பரவலாக வழங்கும் கணக்கு. முன்மாதிரிகளையும் சோதனைக் கார்களையும் சேர்த்தால் 337 என்பார்கள். 1990களின் தொடக்கத்தில், எஞ்சியிருந்த பாகங்களைக் கொண்டு இன்னும் சில கட்டப்பட்டன. அவற்றை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதில்தான் குழப்பம். விற்பவர் "உலகில் இத்தனைதான்" என்று ஒற்றை எண்ணை அடித்துச் சொன்னால், அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுங்கள். முந்நூறு சொச்சம் என்பதே உங்கள் மாமாவுக்குப் போதும்.

இனி இயந்திரம். 2.85 லிட்டர், ஆறு சிலிண்டர், 450 குதிரைத்திறன். சிலிண்டர்களைக் காற்று குளிர்விக்கிறது; சிலிண்டர் தலைகளைத் தண்ணீர் குளிர்விக்கிறது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போக்கள் இரண்டு இருந்தாலும் தொடக்கத்தில் ஒன்றுதான் வேலை செய்யும்; எஞ்சின் சுழற்சி நிமிடத்துக்கு நாலாயிரத்தைத் தாண்டும்போது இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும். அந்தக் காலத்து டர்போ கார்களில் மிதித்த பிறகு கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பைக் குறைக்கச் செய்த ஏற்பாடு இது. சக்தி நான்கு சக்கரங்களுக்கும் போகிறது. முன்சக்கரங்களுக்கு எவ்வளவு, பின்சக்கரங்களுக்கு எவ்வளவு என்பதை எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பல தகட்டுக் கிளட்ச் ஒன்று, மின்னணுக் கட்டுப்பாட்டின்படி நொடிக்கு நொடி மாற்றுகிறது. காய்ந்த சாலை, ஈரம், பனி என்று ஓட்டுநரே தேர்ந்தெடுக்கவும் வசதி உண்டு. ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரண்டு அதிர்வடக்கிகள். அவற்றின் விறைப்பும் மாறும், தரையிலிருந்து காரின் உயரமும் மாறும். வேகம் கூடினால் கார் தானே தாழ்ந்துகொள்ளும். சக்கரங்கள் மக்னீசியத்தால் ஆனவை. அவற்றின் ஆரங்கள் உள்ளே வெற்றிடமாக இருக்கும். டயரின் காற்று அந்த ஆரங்களுக்குள்ளும் நிற்கிறது. காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் உணர்கருவியும் சக்கரத்தில் இருக்கிறது. இன்று சாதாரணக் குடும்பக் காரில்கூட இருக்கிற வசதிதான். 1987இல் அது வேறெங்கும் காணக்கிடைக்காதது. உடலின் பெரும்பகுதி, விமானத் தொழிலில் புழங்கும் அராமிட் இழை கலந்த கூட்டுப்பொருள். கதவுகளும் முன்மூடியும் அலுமினியம். மணிக்கு 315 கிலோமீட்டர் வேகத்தை எட்டிய இந்தக் காரில், பின்னிருக்கைகளும் குளிரூட்டியும் தோலிருக்கைகளும் இருந்தன.

இவ்வளவையும் நான் வியப்பதற்காக எழுதவில்லை. மேலே சொன்ன பட்டியலை இன்னொரு முறை, இந்தத் தடவை பழுதுபார்ப்பவனின் கண்ணோடு படித்துப் பாருங்கள். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் சஸ்பென்ஷன் என்றால் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல்கள். மின்னணுக் கட்டுப்பாடு என்றால் நாற்பது ஆண்டுகளை நெருங்கும் சர்க்யூட் பலகைகள், இணைப்பிகள், கம்பிகள். காற்று, தண்ணீர் என இரட்டைக் குளிர்விப்பு என்றால் குழாய்களும் மூட்டுகளும். மக்னீசியம் என்றால் அரிப்பு. இவற்றில் எதுவும் ஓடுவதால் மட்டும் கெடுவதில்லை; நின்றால் இன்னும் சீக்கிரம் கெடும். சீல் காய்ந்து வெடிக்கும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பழைய பெட்ரோல் பிசினாகி, எஞ்சினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் நுண்துளைகளை அடைக்கும். கோயில் தேர் போலத்தான், ஓடாத ஆண்டுகளில்தான் இதற்கு அதிகச் செலவு.

ஆகவே "9,000 கிலோமீட்டர்" என்பதைக் கேட்டவுடன் எனக்கு மகிழ்ச்சி வருவதில்லை, ஒரு கேள்விதான் வருகிறது: மீதி நேரமெல்லாம் இந்த வண்டி எங்கே நின்றது, யார் பார்த்துக்கொண்டார்கள்? உரிமையாளர் வரலாறு என்று நான் மதிப்பது இதைத்தான். 40,000 கிலோமீட்டர் ஓடி, ஆறு பேர் கைமாறி, ஒவ்வோர் ஆண்டும் இந்தக் காரைத் தெரிந்த பட்டறைக்குப் போய்வந்த 959, நால்வரிடம் தூங்கிக் கிடந்த 959ஐவிட நல்ல கார். சந்தை இப்போதும் குறைந்த கிலோமீட்டருக்கு அதிகம் கொடுக்கிறது என்பது உண்மை. சந்தையோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் வாங்கிய பிறகு ரசீது உங்கள் மாமா பெயரில் வரும், சந்தையின் பெயரில் வராது.

இதற்கு உலகறிந்த ஓர் எடுத்துக்காட்டு பில் கேட்ஸின் 959. போர்ஷே இந்தக் காருக்கு அமெரிக்க மோதல் சோதனைகளைச் செய்து அங்கீகாரம் வாங்கவில்லை. அதனால் கேட்ஸ் இறக்குமதி செய்த கார் அங்கே சுங்கத் துறையின் பொறுப்பில் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் முடங்கிக் கிடந்ததாகப் பரவலாக எழுதப்பட்டிருக்கிறது. அவருடைய மைக்ரோசாஃப்ட் கூட்டாளி பால் ஆலனும் இதே காரை வாங்கி இதே சிக்கலைச் சந்தித்தவர். பிறகு 1990களின் இறுதியில், அபூர்வ கார்களைக் காட்சிக்காகவும் ஆண்டுக்கு 2,500 மைல் வரை ஓட்டவும் அனுமதிக்கும் விதி அமெரிக்காவில் வந்தது. ஏலப் பட்டியலில் இப்படி ஒரு கதை காரின் மதிப்பைக் கூட்டும். பட்டறையிலோ அது பத்தாண்டுகளுக்கும் மேல் நின்ற ஒரு வண்டி, அவ்வளவே. சீல்களுக்குத் தம் மேல் சாய்ந்திருப்பது யாருடைய கார் என்று தெரியாது.

காகிதங்களுக்கு வருவோம். விற்பவர் "நான்கு உரிமையாளர்கள்" என்கிறாரே, அந்த நான்கு எங்கிருந்து வந்தது என்று முதலில் கேளுங்கள். ஜெர்மனியில் 2005 வரை வழங்கப்பட்ட பழைய வாகனப் பத்திரத்தில், யார் யார் பெயரில் கார் பதிவாகியிருந்தது என்பது வரிசையாக இருக்கும். 2005இல் வந்த புதிய பத்திரத்தில் இரண்டு பேருக்குத்தான் இடம் உண்டு. அதற்கு முந்தையவர்கள் எண்ணிக்கையாக மட்டுமே தெரிவார்கள். பழைய பத்திரத்தைச் செல்லாததாக்கிக் கேட்டவருக்குத் திருப்பிக் கொடுப்பது வழக்கம். அக்கறையுள்ள உரிமையாளர்கள் அதைப் பத்திரப்படுத்தியிருப்பார்கள். அது கோப்பில் இருந்தால் நல்ல அறிகுறி. இல்லையென்றால் மோசடி என்று முடிவு கட்ட வேண்டாம். வரிசையை வேறு வழியில் நிறுவ வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பத்திரத்தில் இருப்பது யார் பெயரில் வண்டி பதிவானது என்பதே தவிர, யாருக்குச் சொந்தம் என்பது அன்று. புதிய ஜெர்மன் பத்திரம் இதை வெளிப்படையாகவே அச்சிட்டுச் சொல்கிறது. பிரிட்டனின் பதிவுப் பத்திரமும் அப்படியே. ஒரு வியாபாரி வாங்கிப் பதிவு செய்யாமல் ஐந்தாண்டு கிடங்கில் வைத்திருந்து விற்றால், அவர் பெயர் எங்கும் வராது. 1980களின் இறுதியில், அபூர்வ கார்களின் விலை ஏறிக்கொண்டிருந்தபோது, ஓட்டும் எண்ணமே இல்லாமல் லாபத்துக்காக வாங்கி வைத்தவர்கள் ஏராளம். எனவே நான்கு பெயர்கள் என்பது நான்கு கைகள் என்று ஆகாது. தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். பதிவு நீக்கப்பட்ட நாளுக்கும் மறுபடி பதிவான நாளுக்கும் இடையே எவ்வளவு காலம் என்று பாருங்கள். கதை அந்த இடைவெளிகளில்தான் இருக்கும்.

இடைவெளிகளை நிரப்ப ரசீதுகள் வேண்டும். சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை குத்துவது எளிது. பாக எண், வேலை நேரம், தேதி, கிலோமீட்டர் எல்லாம் போட்ட பட்டறை ரசீதைப் பொய்யாக உருவாக்குவது அவ்வளவு எளிதல்ல. ஜெர்மனியில் பதிவில் இருக்கும் கார்களுக்குப் பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தொழில்நுட்பச் சோதனை கட்டாயம். அந்த அறிக்கைகளில் கிலோமீட்டரும் பதிவாகும். ரசீது, சோதனை அறிக்கை, சர்வீஸ் புத்தகம் மூன்றிலும் உள்ள கிலோமீட்டரைத் தேதிவாரியாக அடுக்கினால் அது ஏறிக்கொண்டே வர வேண்டும். ஓரிடத்தில் இறங்கினால் பேச்சை அங்கேயே நிறுத்தி விளக்கம் கேளுங்கள்.

முதல் உரிமையாளர் பெரும்புள்ளி என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கத்தில் பழைய அபூர்வ கார் என்றாலே யாராவது ஒருவர், கார் சேகரிப்புக்குப் பெயர்போன ப்ரூனை அரச குடும்பத்தின் பெயரை ஒட்டவைத்துவிடுவார். ஐரோப்பாவில் அதே வேலையை நடிகர்கள், பந்தய வீரர்கள், இசை நடத்துநர்கள் பெயரில் செய்கிறார்கள். சில உண்மையாகவும் இருக்கும். அந்தப் பெயரும் இந்தக் காரின் சேஸி எண்ணும் (வண்டியில் பொறித்திருக்கும் அடையாள எண்) ஒரே காகிதத்தில், அந்தக் காலத்துத் தேதியோடு இருந்தால் அது வரலாறு. அவர் இதே நிறத்துக் காரின் பக்கத்தில் நிற்கும் புகைப்படம் வரலாறு அன்று. வெள்ளிநிற 959கள் ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பிதான். பத்திரம் காட்ட முடியாத பெயருக்கு ஒரு வெள்ளிகூட அதிகம் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

அடுத்து, வண்டியிலேயே பார்க்க வேண்டியவை. சேஸி எண்ணின் பத்தாவது எழுத்து மாடல் ஆண்டைச் சொல்லும்: ஹெச் என்றால் 1987, ஜே என்றால் 1988. சேஸி எண்ணும் எஞ்சின் எண்ணும் தொழிற்சாலைப் பதிவோடு பொருந்துகின்றனவா என்று போர்ஷேயிடமே எழுத்துமூலம் உறுதி கேட்கலாம். பெயின்ட் தடிமன் அளக்கும் கருவியைக் கொண்டு சோதித்த அறிக்கையைக் காட்டி "விபத்தே நடக்காத கார்" என்று சொன்னால், எந்த வகைக் கருவி என்று கேளுங்கள். பட்டறைகளில் சாதாரணமாக இருக்கும் காந்தக் கருவி இரும்பின் மேல் மட்டுமே அளக்கும். அலுமினியத்துக்கு வேறு வகை வேண்டும். அராமிட் கூட்டுப்பொருளின் மேல் இரண்டுமே பயன்படாது. அதற்கு மீயொலிக் கருவி தேவை. இந்த வேறுபாடு தெரியாமல் எல்லாப் பகுதிகளுக்கும் அழகாக எண் போட்டிருக்கும் அறிக்கையைப் பார்த்தால், அந்த அறிக்கையை எழுதியவர் அடுத்த பக்கத்தில் எழுதியிருப்பதையும் நான் நம்ப மாட்டேன்.

சக்கரங்களில் தனிக் கவனம் வேண்டும். 959க்கு வந்த டயர், சக்கர விளிம்போடு பூட்டிக்கொள்ளும் ஒரு தனி அமைப்பு. காற்று இறங்கினாலும் கழன்று வராது. அந்த டயர் கிடைக்காத காலத்தில் பலர் வேறு சக்கரங்களுக்கு மாறிவிட்டார்கள். அது குற்றமில்லை. ஆனால் அசல் சக்கரங்கள் எங்கே என்று கேளுங்கள். அவை காரோடு வராவிட்டால் விலையில் அது தெரிய வேண்டும். மக்னீசியச் சக்கரத்தில் பற்றவைத்த தழும்பு தெரிந்தால் நான் அந்தச் சக்கரத்தை ஓட்டத் தகுதியானதாக எழுத மாட்டேன். டயரின் பக்கவாட்டில் தயாரிப்புத் தேதி எண் உண்டு. 2000ஆம் ஆண்டிலிருந்து அது நான்கு இலக்கம்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. மூன்று இலக்கம் இருந்தால் அந்த டயர் அதற்கும் முந்தையது. "அண்மையில் முழுச் சர்வீஸ் ஆனது" என்ற பேச்சை அந்த மூன்று இலக்கமே பொய்யாக்கிவிடும்.

விற்பவர் இதை 'ஸ்போர்ட்' வகை என்று சொல்லவில்லை என நினைக்கிறேன். சொன்னால் எச்சரிக்கை தேவை. அந்த வகையில் 29 மட்டுமே செய்யப்பட்டதாகக் கணக்கு. உயரம் மாற்றும் வசதி, குளிரூட்டி, பின்னிருக்கை எல்லாம் நீக்கப்பட்டு எடை குறைக்கப்பட்ட கார் அது. ஒரு சாதாரண 959இலிருந்து இவற்றைக் கழற்றுவது கடினமான காரியமில்லை என்பதால், தொழிற்சாலைப் பதிவு தவிர வேறெந்தச் சான்றும் இதில் செல்லாது.

சிங்கப்பூருக்குக் கொண்டுவருவது பற்றி: இங்கே பயன்படுத்திய கார்களை இறக்குமதி செய்து சாதாரணமாகப் பதிய வேண்டுமானால் வயது மூன்று ஆண்டுக்குள் இருக்க வேண்டும். 35 ஆண்டுகளைத் தாண்டிய கார்களுக்குத் தனித் திட்டம் உண்டு. அதன்கீழ் ஆண்டுக்கு 45 நாள் மட்டும் ஓட்டலாம். வயதைப் பொறுத்தவரை 959 இப்போது அந்த வரம்பைத் தாண்டிவிட்டது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வந்த 959கள் எல்லாமே இடப்பக்க ஸ்டீயரிங். இடப்பக்க ஸ்டீயரிங் கார்களுக்கு இங்கே பொதுவாகப் பதிவு கிடைப்பதில்லை. ஸ்டீயரிங்கை மாற்றலாமே என்று யாராவது யோசனை சொன்னால், தயவுசெய்து அவரிடம் இந்தக் காரைக் காட்டாதீர்கள். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், பணம் கைமாறும் முன் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். முகவர் வாய்மொழியாகச் சொல்வதை நம்ப வேண்டாம்.

பதியாமல் வரியில்லாக் கிடங்கில் வைத்துக்கொள்ளலாம் என்பது சிலர் எடுக்கும் வழி. கார் ஓடாமல் நிற்பதைப் பற்றி மேலே எழுதியதைப் படித்த பிறகு என் எண்ணம் உங்களுக்குப் புரிந்திருக்கும். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில் மக்னீசியமும் பழைய மின்னிணைப்புகளும் என்ன பாடுபடும் என்பதை நான் வேறு கார்களில் பார்த்திருக்கிறேன். குளிர்சாதனக் கிடங்கில் அந்தப் பாதிப்பு குறையும். ஆனால் கார் ஓடாது. உங்கள் மாமா கேட்டால் நான் சொல்வது இது: வாங்கினால் ஜெர்மனியிலேயே, இந்தக் காரைத் தெரிந்த பட்டறைக்கு அருகில் வைத்துக்கொள்ளட்டும். ஆண்டுக்கு ஒருமுறை போய் நான்கு நாள் ஓட்டிவிட்டு வரட்டும். விமானச் செலவு, சீல் மாற்றும் செலவில் ஒரு துளி.

நடைமுறையாக இப்போது செய்ய வேண்டியது: முன்பணம் எதுவும் அனுப்பாமல், பதிவுப் பத்திரத்தின் இரு பக்கங்கள், சர்வீஸ் புத்தகத்தின் எல்லாப் பக்கங்கள், கடைசிப் பத்தாண்டுகளின் ரசீதுகள், சேஸி எண்ணின் தெளிவான படம், நான்கு டயர்களின் தேதி எண் ஆகியவற்றை ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லுங்கள். இத்தனை விலையுள்ள காரை விற்பவருக்கு இது ஒரு நாள் வேலை. அவற்றில் திருப்தி ஏற்பட்டால் மட்டும், விற்பவருக்குத் தொடர்பில்லாத, 959இல் வேலை செய்த பட்டறை ஒன்றில் காரைத் தூக்கி நிறுத்திச் சோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தொடங்கி, சூடான பிறகு சஸ்பென்ஷன் மூன்று உயரங்களுக்கும் போய்வருகிறதா என்பதுவரை பார்க்கச் சொல்லுங்கள். மூன்று கூட்டாளிகள் என்பதால் இன்னொன்றும்: கார் யார் பெயரில் பதிவாகும், ஒருவர் விலக நினைத்தால் அவர் பங்கை எந்த விலைக்கு மற்றவர்கள் எடுப்பார்கள், ஆண்டுச் செலவை யார் முதலில் கட்டுவார்கள் என்பதை வாங்குவதற்கு முன்பே வழக்கறிஞர் ஒருவரைக் கொண்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.